தாயற்ற பூனைக்குட்டியைப் பேணும் முறை
சூடு, நீர், பால் என்னும் வரிசை

அறுவடை முடிந்து நெல் சாக்குகளில் ஏறிய பின்னர், வயலில் உணவு குறைந்த எலிகள் வீட்டையும் களஞ்சியத்தையும் நாடி வருகின்றன. அவை நெல்லைத் தின்பதோடு நில்லாது, சாக்கைக் கிழித்தும் எச்சத்தாலும் சிறுநீராலும் மாசுபடுத்தியும் எஞ்சிய நெல்லையும் பழுதாக்குகின்றன. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலுமிருந்து எலிக்காய்ச்சல் கமக்காரரைப் பற்றுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டவராகப் பதியப்பட்டனர்.

எலியை அடக்கும் வழிகளிற் பூனையும் ஒன்று. வயலில் வரம்பைத் துளைக்கும் பெரிய அகளானைப் பூனை எளிதில் எதிர்க்காது. ஆயினும், களஞ்சியத்திற் புகும் சுண்டெலியையும் இளம் எலியையும் அது பிடிக்கும். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலந்தொட்டே இவ்வுறவு நிலவுகின்றது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டதை 2004 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அக்குடிகளும் தானியம் விளைவித்த குடிகளே.

இத்தகைய பயன் தரும் பிராணியின் குட்டிகள், வைக்கோற்போரைப் பிரிக்கும்போதோ, சாக்கு அடுக்கை நகர்த்தும்போதோ, கண் திறவாத நிலையிற் பலருக்கு அகப்படுகின்றன. தாய் வண்டியில் அடிபட்டோ, எலிக்கு வைத்த நஞ்சு உண்ட எலியைத் தின்றோ இறந்துவிட்டால், வீட்டார் இரக்கத்துடன் ஒரு சிரட்டையிற் பசுப்பாலை வைத்து, குட்டியின் வாயை அதில் அமிழ்த்துகின்றனர். இரண்டொரு நாளிற் குட்டி கழிந்து இறக்கின்றது. “தாயில்லாக் குட்டி தங்காது” என்று சொல்லி அதனை மறந்துவிடுகின்றனர். உண்மை அதுவன்று. முதலிற் சூடு, அடுத்து நீர், அதன் பின்னரே பால் என்னும் வரிசையைக் கைக்கொண்டால் இத்தகைய குட்டிகளிற் பலவற்றைக் காப்பாற்றலாம்.

1. முதலில் தாயைத் தேடுக

குட்டியைக் கண்டவுடன் எடுத்துச் செல்லுதல் கூடாது. இரை தேடச் சென்ற தாய் சில மணித்தியாலங்களில் மீளலாம். குட்டி சூடாகவும் அமைதியாகவும் உறங்கினால், அதனை அவ்விடத்திலேயே விட்டு, தூரத்தில் நின்று கவனித்தல் வேண்டும். நாயோ, மழையோ, வெயிலோ அணுகுமாயின் மட்டும் அருகிலுள்ள காப்பான இடத்துக்கு மாற்றலாம். மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்னும் எண்ணம் பெரும்பாலும் தவறானது.

தாய் வராதெனத் தெளிந்தால், அயலிற் குட்டி ஈன்ற வேறு பூனை உண்டோ என விசாரித்தல் நன்று. ஏறத்தாழ ஒரே வயதுடைய குட்டிகளை வைத்திருக்கும் பூனை பிற குட்டியையும் ஏற்றுப் பாலூட்டுவது வழக்கம். எவ்வளவு திறமையாக நாம் ஊட்டினும் அப்பாலுக்கு ஈடாகாது. பிறந்த முதல் நாளிற் சுரக்கும் சீம்பாலிலேயே நோயை எதிர்க்கும் பொருள்கள் நிறைந்துள்ளன. அதனைப் பெறாத குட்டி நோய்க்கு எளிதில் இரையாகும். ஆதலால் அதற்குத் துப்புரவு இருமடங்கு வேண்டும்.

2. சூடு

பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றல் இல்லை. குளிர்ந்த உடலிற் குடல் இயங்காது. அந்நிலையில் ஊட்டிய பால் வயிற்றில் தேங்கிப் புளிக்கும். அன்றேல் மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகும். எனவே, குளிர்ந்த குட்டிக்கு எவ்வகை உணவும் கொடுத்தல் ஆகாது. உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் குறைந்திருப்பின் ஊட்டக் கூடாது. வெப்பமானி இல்லாதோர் துப்புரவான சிறுவிரலைக் குட்டியின் வாயில் வைத்துப் பார்க்கலாம். வாய் குளிர்ந்திருந்தால் முதலிற் சூடேற்றல் வேண்டும்.

சூடேற்றும் முறை எளிது. காட்போட் பெட்டியொன்றில் உலர்ந்த பழந்துணியை விரிக்க வேண்டும். ஒரு போத்தலிற் சுடுநீர் நிரப்பி, இறுக மூடி, துணியாற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். மறுபக்கம் வெறுமையாக இருப்பின், சூடு மிகும்போது குட்டி விலகிப் படுக்கும். நீர் ஆறியதும் மாற்றுதல் வேண்டும். ஆறிய போத்தல் குட்டியின் சூட்டை உறிஞ்சும். முதல் வாரத்திற் படுக்கையின் வெப்பம் 29 முதல் 32 பாகை வரை இருத்தல் நன்று. பின்னர் வாரந்தோறும் சிறிது குறைக்கலாம். தாழ்நிலத்திற் பகலில் இவ்வெப்பம் இயல்பாகக் கிடைப்பினும், மாரிகால இரவில் கிடையாது. நுவரெலியா போன்ற மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் இரவும் பகலும் போத்தல் வேண்டும்.

மிகக் குளிர்ந்த குட்டியை ஓரிரு மணித்தியாலத்தில் மெல்ல மெல்லச் சூடாக்குக. அடுப்பருகே வைத்தலும், வெயிலிற் கிடத்தலும், சுடுநீரில் அமிழ்த்தலும் தீங்காகும். வேறு வசதி இல்லையெனில், துணியிற் சுற்றி உங்கள் மார்போடு அணைத்து வைப்பதே போதுமானது.

3. உடல்நீர் வற்றுதலை அறிதல்

கன்றுக்குக் கழிச்சல் கண்டால், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு, அது விரைவில் இறங்குகின்றதா எனப் பார்ப்பதைக் கால்நடை வளர்ப்போர் அறிவர். ஆறு வாரத்துக்கு உட்பட்ட பூனைக்குட்டியில் இச்சோதனையை நம்புதற்கில்லை. அதற்கு ஏற்ற அடையாளங்கள் வருமாறு:

(அ) சிறுநீரின் நிறம். நீர் போதிய குட்டியின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்றது. அது மஞ்சளாகவோ, அளவிற் குறைந்தோ இருந்தால் நீர் போதாது.
(ஆ) முரசு. விரலால் தொடும்போது ஈரமாயும் வழுக்கலாயும் இருத்தல் வேண்டும். விரலில் ஒட்டினால் நீர் வற்றியுள்ளது.
(இ) ஊக்கம். நலமுள்ள குட்டி விரலைத் தேடி உறிஞ்சும். துவண்டு கிடப்பதும், ஓயாது கத்துவதும், உறிஞ்ச மறுப்பதும் ஆபத்தின் அறிகுறிகள்.

இளங்குட்டியின் சிறுநீரகம் முதிராதது. மணற்றரை நீரைத் தேக்காதது போல, அது நீரைத் தடுத்து வைக்கமாட்டாது. மணற்றரைத் தோட்டத்துக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி நீர் இறைக்கின்றோம். குட்டிக்கும் அம்முறையே பொருந்தும். ஒரு முறை நிறைய ஊட்டிப் பல மணித்தியாலம் விடுவது, குட்டியை வாட்டிப் பின் மூழ்கடிப்பதற்கு ஒப்பாகும்.

4. நீரை மீட்டல்

சூடேறிய குட்டி வாடியிருப்பின், முதல் ஓரிரு வேளைக்குப் பாலை நிறுத்தி, மருந்துக் கடைகளிற் கிடைக்கும் ஜீவனிக் கரைசலைக் கொடுக்கலாம். பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைத்தல் வேண்டும். கரைசல் இளஞ்சூடாக இருக்கட்டும். குட்டியின் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 2 முதல் 4 மில்லிலீற்றர் வரை, துளி துளியாகக் கொடுக்க வேண்டும். 24 மணித்தியாலத்தின் பின் எஞ்சிய கரைசலை ஊற்றிவிடுக. குட்டி தெளிந்ததும் பாதிக் கரைசலும் பாதிப் பாலும், அடுத்து முழுப் பால் என மாற்றலாம். ஜீவனி உணவன்று; அதனைக்கொண்டு குட்டியை வளர்க்க இயலாது.

விழுங்கும் ஆற்றலற்ற குட்டியின் வாயில் எதனையும் ஊற்றக் கூடாது. சீனிக் கரைசலில் விரலை நனைத்து முரசில் மட்டும் தடவி, சூட்டோடு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. அவர் தோலின் கீழ் நீரை ஏற்றுவார். அந்நிலையில் வீட்டு வைத்தியம் காலத்தை வீணாக்கும்.

5. ஏற்ற பால் எது?

பசுவின் பால் கன்றுக்கென அமைந்தது. அதில் நூற்றுக்கு 3 பங்குக்குச் சற்று மேலாகவே புரதம் உண்டு. பூனைப் பாலில் அது ஏறத்தாழ இருமடங்காகும். பசுப்பாலைக் கொண்டு பசியாற்ற முனையும்போது, வேண்டிய புரதம் கிடைக்குமுன் மிகுதியான பாற்சர்க்கரை குடலிற் சேர்ந்து கழிச்சலை உண்டாக்குகின்றது. கழிச்சலால் உடல்நீர் வற்றுகின்றது. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் இந்த வறட்சியே. ஆட்டுப்பாலும் இக்குறையிலிருந்து நீங்கியதன்று. தேங்காய்ப் பாலும், சோற்றுக் கஞ்சியும், இனிப்புச் சேர்ந்த ரின் பாலும் முற்றாக விலக்கத்தக்கவை.

பூனைக்குட்டிக்கென்றே செய்த பால்மா நகரங்களிலுள்ள செல்லப்பிராணி உணவுக் கடைகளிலும் சில மிருக வைத்திய நிலையங்களிலும் கிடைக்கின்றது. அதுவே தக்கது. அது வந்து சேரும் வரை, ஓரிரு நாளுக்கு மட்டும், பின்வரும் கலவையைப் பயன்படுத்தலாம்:

கொழுப்பு நீக்காத, காய்ச்சிய பசுப்பால் அல்லது ஆட்டுப்பால் 120 மில்லிலீற்றர்
கொதித்தாறிய நீர் 120 மில்லிலீற்றர்
புதிய கோழிமுட்டையின் மஞ்சட்கரு 2
தாவர எண்ணெய் ஒரு தேக்கரண்டி

இவற்றை நன்கு அடித்து, மெல்லிய துணியில் வடித்தெடுக்க வேண்டும். முட்டையின் வெண்கருவைச் சேர்த்தலாகாது. எந்தப் பாலாயினும் குளிர்ப்பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. குட்டி குடித்து எஞ்சியதை அவ்வப்போதே ஊற்றிவிட வேண்டும்.

6. அளவும் வேளையும்

வயதைக் கண்டறிதல் கடினமன்று. கண் மூடியிருந்தால் முதல் வாரம் அல்லது இரண்டாம் வாரத்தின் தொடக்கம். கண் திறந்து, தள்ளாடி ஊர்ந்தால் இரண்டு முதல் மூன்று வாரம். முன்பற்கள் முளைத்தால் ஏறத்தாழ மூன்று வாரம் எனக் கொள்ளலாம். ஒரு வேளைக்குரிய பாலின் அளவு எடையைப் பொறுத்தது. 100 கிராம் எடைக்கு 4 மில்லிலீற்றர் என்பது பொதுவிதி. அதற்கு மேல் ஊட்டினால் வயிறு உப்பும்.

முதல் வாரம்: எடை 50 முதல் 150 கிராம், வேளைக்கு 2 முதல் 6 மில்லிலீற்றர், 2 மணித்தியாலத்துக்கு ஒரு முறை.
இரண்டாம் வாரம்: எடை 150 முதல் 250 கிராம், 6 முதல் 10 மில்லிலீற்றர், 2 முதல் 3 மணித்தியாலத்துக்கு ஒரு முறை.
மூன்றாம் வாரம்: எடை 250 முதல் 350 கிராம், 10 முதல் 14 மில்லிலீற்றர், 3 முதல் 4 மணித்தியாலத்துக்கு ஒரு முறை.
நான்காம் வாரம்: எடை 350 முதல் 450 கிராம், 14 முதல் 18 மில்லிலீற்றர், 4 முதல் 5 மணித்தியாலத்துக்கு ஒரு முறை.

முதலிரு வாரங்களில் இரவிலும் ஊட்டல் வேண்டும். வீட்டில் உள்ளோர் முறை வைத்துச் செய்தால் இது பாரமாகாது. இரவு நீர் பாய்ச்ச விழித்திருப்போருக்கு இப்பழக்கம் புதிதன்று.

நாள்தோறும் ஒரே நேரத்திற் குட்டியை நிறுத்துக் குறித்து வருக. சமையலறையிற் பயன்படும் இலத்திரன் தராசு போதுமானது. நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறுதல் வேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிடின் கவனிக்க. எடை குறைந்தால் தாமதியாது மிருக வைத்தியரை நாடுக. கண்ணுக்குப் புலப்படுமுன் நோயைத் தராசு காட்டிவிடும்.

7. ஊட்டும் விதம்

ஊசி கழற்றிய 1 அல்லது 3 மில்லிலீற்றர் சிரிஞ்சு, அல்லது குட்டிகளுக்கான சிறு பால்போத்தல் ஏற்றது. ஒவ்வொரு முறையும் அதனைக் கழுவிக் கொதிநீரில் இடுதல் வேண்டும். பால் உடற்சூட்டளவு, அதாவது ஏறத்தாழ 38 பாகை, இருக்கட்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டால், சுடாமல் இளஞ்சூடாகத் தோன்ற வேண்டும்.

குட்டியைக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தல் பெருந்தவறு. அவ்வாறு ஊட்டிய பால் சுவாசப்பையிற் சென்று, சளிச்சுரத்தால் குட்டி இறக்கும். தாயின் மடியிற் படுப்பது போலக் குட்டி வயிற்றின்மேற் குப்புறக் கிடந்து, தலையைச் சற்றே நிமிர்த்தியிருக்க வேண்டும். வாயின் பக்கமாகச் சிரிஞ்சை வைத்து, அது விழுங்க விழுங்க ஒவ்வொரு துளியாக விடுக. மூக்கிற் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைக்க வேண்டும். குடித்தபின் முதுகை மெல்லத் தட்டினால் வயிற்றுக் காற்று வெளியேறும்.

8. கழிவு நீக்கம்

ஏறத்தாழ மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழியாது. தாய் நக்குவதனாலேயே அது கழிகின்றது. ஆதலால், ஒவ்வொரு வேளையும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால் அவ்விடத்தை மெதுவாக வருடுதல் வேண்டும். இதனை அறியாமல், நன்றாகப் பால் குடித்தும் வயிறு வீங்கி இறந்த குட்டிகள் பல. வருடும்போதே சிறுநீரின் நிறத்தையும் மலத்தின் தன்மையையும் பார்த்துக்கொள்ளலாம்.

மலம் நீராகக் கழிந்தால் பாலைப் பாதியாகக் குறைத்து, குறைத்த பங்குக்கு ஜீவனிக் கரைசலைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் நிற்காவிடின் வைத்தியரிடம் செல்க.

9. தெள்ளும் நஞ்சும்

தெள்ளு பற்றிய சிறு குட்டி இரத்தம் இழந்தே இறக்கும். முரசு வெளிறியிருப்பது அதன் அறிகுறி. நெருங்கிய பற்களுள்ள சீப்பால் வாரித் தெள்ளை அகற்றுக. தேவையெனில் சிறிதளவு சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு விரைவாகக் கழுவி, உடனே துவட்டிச் சூட்டில் வைக்கலாம்.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை எந்த அளவிலும், எவ்வளவு நீர் கலந்தும், பூனைமீது பூசுதல் கூடாது. நாய்க்குரிய தெள்ளு மருந்துகள் சிலவற்றில் உள்ள பேர்மெத்திரின் பூனைக்குக் கடும் நஞ்சாகும். காய்ச்சலெனக் கருதிப் பரசிற்றமோல் மாத்திரையின் ஒரு துண்டைக் கொடுத்தாலும் பூனை இறக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் எலி நஞ்சு வைப்பதையும் தவிர்த்தல் வேண்டும். நஞ்சுண்ட எலி பூனைக்கும் நஞ்சே.

10. நான்காம் வாரத்தின் பின்

நான்கு வாரமானதும் தட்டையான கோப்பையிற் பாலை வைத்து நக்கப் பழக்கலாம். அவித்து முள் நீக்கிய மீனையோ கோழியிறைச்சியையோ மசித்துப் பாலுடன் குழைத்துக் கொடுக்கலாம். உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி ஆகாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. கருவாட்டில் உப்பு மிகுதி.

பூனை ஊனுண்ணும் பிராணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய தோரின் என்னும் சத்து ஊனிலேயே உண்டு. சோற்றை மட்டும் இட்டு வளர்ப்பின் பார்வையும் இதயமும் கெடும். பசித்த பூனையே எலி பிடிக்கும் என்று பட்டினி போடுவதும் பயன் தராது. நன்கு உண்ட பூனையும் வேட்டையாடும். அது வீட்டை விட்டு அலையாது களஞ்சியத்தருகே தங்கும்.

இவ்வயதிலிருந்து, ஆழமற்ற பாத்திரத்தில் தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். ஆதலாற் பூனைக்குத் தாகவுணர்வு குறைவு. உலர்ந்த உணவை மட்டும் உண்ணும் பூனை போதிய நீர் அருந்துவதில்லை. ஈரமான உணவு கொடுப்பது நன்று. எட்டு வாரமளவிற் பாலை முற்றாக நிறுத்தலாம்.

11. வீட்டார் நலமும் குட்டிகளின் பெருக்கமும்

குட்டியைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கட்டாயம். பூனை, கொத்திய மரக்கறிப் பாத்திகளில் மலங்கழிக்கும். அம்மலத்தின் வழியாகப் பரவக்கூடிய ஒரு நோய் வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கும். ஆதலாற் கருவுற்ற பெண்கள் அதனை அகற்றலாகாது. மரக்கறியை நன்கு கழுவியே உண்ணல் வேண்டும். பூனையும் விசர் நோயைப் பரப்பும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. விசர்த் தடுப்பூசியையும் பூச்சி மருந்தையும் மிருக வைத்தியர் குறிக்கும் நாளிற் குட்டிக்குக் கொடுப்பிக்க வேண்டும்.

பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால், வேண்டாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையிலும் கோயில் வாசலிலும் விடும் இழிசெயலுக்கு இடமிராது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தாய் வருமா என முதலிற் பொறுத்துப் பார்க்க.
2. குளிர்ந்த குட்டிக்கு ஊட்டாதீர், முதலிற் சூடேற்றுக.
3. சிறுநீர் மஞ்சளாயின் நீர் போதாது என அறிக.
4. பசுப்பாலைத் தனியே கொடாதீர்.
5. 100 கிராம் எடைக்கு, வேளைக்கு 4 மில்லிலீற்றர். சிறிது சிறிதாக, அடிக்கடி.
6. குப்புற வைத்தே ஊட்டுக, மல்லாத்தாதீர்.
7. ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் வருடுக.
8. நாள்தோறும் நிறுக்க, எடை குறைந்தால் வைத்தியரை நாடுக.

ஒரு மாதம் இவ்வாறு பேணிய குட்டி அடுத்த பெரும்போக நெல் களஞ்சியம் சேருமுன் வேட்டையைப் பழகிவிடும். அதற்கு நாம் செலவிட வேண்டியவை சிறிது பால்மா, ஒரு சிரிஞ்சு, ஒரு சுடுநீர்ப் போத்தல், சில இரவுகளின் உறக்கம் ஆகியனவே.